முகம் தெரியாத படம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அம்மா, எனக்குக் காற்று ஆகாது. இந்தச் சுருளை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டால் போதும். கனமில்லை, நீளம்தான். மேலே வைத்தால் மலை வளைவில் உருண்டு யார் தலையிலாவது விழும். கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள். உள்ளே ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், மிதிபடக் கூடாது இல்லையா?

படம்தான் அம்மா. பயந்துவிட்டீர்களா? ஃபிளெக்ஸ்.

எங்கே இறங்குகிறீர்கள்? ஆலங்குட்டையா? நான் அதற்கும் அடுத்தது, செம்மண்மேடு. நல்லது. மலை இறங்கும்வரை பேச்சுத்துணை. இப்போதெல்லாம் பேருந்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, கவனித்தீர்களா? கைபேசியைப் பார்த்துக் குனிந்த தலை நிமிர்வதில்லை. எங்கள் காலத்தில் மணப்பெண்கள்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

என் பெயர் குமுதவல்லி. கல்லூரியில் தமிழ் நடத்தியவள். பேராசிரியை என்று எத்தனை தடவை சொன்னாலும் கரும்பாறையில் எனக்கு டீச்சரம்மா என்றுதான் பெயர். அவர் போய்விட்டார். மகன் கனடாவில். வீட்டில் நானும் ஒரு கடிகாரமும். அது நின்றாலும் நான் சாவி கொடுப்பதில்லை. ஓசை இல்லாத வீட்டில் அந்த ஓசை மட்டும் கேட்டால் பயமாக இருக்கிறது. அதனால்தான் குழுவுக்குக் கூப்பிட்டதும் ஒப்புக்கொண்டேன்.

குழு என்றால் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. உங்கள் ஊரிலும் இருக்கும். இருப்பது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எங்கள் பேரூராட்சியிலும் அப்படித்தான் இருந்தது. போன சித்திரையில் மேலிடத்திலிருந்து கேட்டார்கள், கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு உங்கள் பேரூராட்சி என்ன செய்கிறது என்று. ஒன்றும் செய்யவில்லை என்று எழுத முடியுமா? அவசரமாகக் கூட்டினார்கள். படித்தவர் ஒருவர் வேண்டுமென்று என்னைச் சேர்த்தார்கள். பேரூராட்சித் தலைவர் பரிமளம், தங்கமான பெண், வாயே திறக்காது. அவளுக்கும் சேர்த்து அவள் வீட்டுக்காரர் குப்புராஜ் பேசுவார். அவர் நாற்காலி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால்.

குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து ஒரு பெண் வரும். ஜாஸ்மின் என்று பெயர். ஸ்கூட்டியில் வெயிலோடு வந்து இறங்கும், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பிக்கும். முதல் கூட்டத்திலேயே கேட்டது:

"ஒரே ஒரு ரூம் குடுங்க மேடம். கதவு சாத்துற மாதிரி. பிள்ளைங்க வந்து, யார் காதுலயும் விழாம பேசணும். அப்புறம், இல்லத்துல சேத்த பிள்ளைய நம்ம ஊர்லேருந்து யாராச்சும் மாசாமாசம் போய்ப் பாக்கணும். இது ரெண்டுந்தான்."

குப்புராஜ் சிரித்தார். "ரூம் குடுத்தா யாருக்கும்மா தெரியும்? அதுலயும் கதவ சாத்திட்டா சுத்தமாத் தெரியாது. வேலை செஞ்சா நாலு பேருக்குத் தெரியணும்."

"தெரியக் கூடாதுங்கறதுதான் சார் இந்த வேலையே."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். பேச்சில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வெட்டு உண்டு. அறையும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதில் மேடை நாற்காலிகளும் பழைய ஃபிளெக்ஸ்களும் கிடந்தன. அவற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? பார்ப்போம் என்று வைத்தோம்.

பார்ப்பதற்குள் இலக்கியா வந்துவிட்டாள்.

இலக்கியா! பெயரைப் பாருங்கள். அப்பன் போர்வெல் வண்டியில் வேலை செய்து, கம்பி அறுந்து செத்தவன். அம்மா கோவிந்தம்மாள் கையெழுத்துகூடப் போடத் தெரியாதவள். அந்தக் குடிசையில் இப்படி ஒரு பெயர். பத்தாம் வகுப்பு. அவளை, அதே போர்வெல் வண்டியில் ஓடுகிற தாய்மாமன் மாதேஷுக்குக் கட்டிவைப்பதாக ஏற்பாடு. அவனுக்கு முப்பது தாண்டியிருக்கும். உரிமைப் பெண், விட்டுக்கொடுப்பார்களா? அந்தப் பெண் தையல்கடைக்காரியின் போனை வாங்கி உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். பந்தல்கால் நட்டு, வாழைமரம் கட்டியான பிறகு ஜாஸ்மின் போலீசோடு வந்து நின்றது.

நானும் போனேன். கோவிந்தம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். ஆனால் அந்த மாதேஷ், அம்மா, ஒரு சொல் பேசவில்லை. போலீஸ் எழுதிக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு எழுந்துபோய், கட்டிய வாழைமரங்களைத் தன் கையாலேயே அவிழ்த்தான். முடிச்சை அறுக்கவில்லை. ஒவ்வொன்றாக, பொறுமையாக அவிழ்த்து, கயிற்றைச் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டான். என்ன பண்பான மனிதன் என்று நினைத்தேன்.

இலக்கியாவை மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளாற்றூரில் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். தாழம்பூ இல்லம். எங்கே இருக்கிறாள் என்பது வீட்டாருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று ஜாஸ்மின் கைகூப்பிக் கேட்டுக்கொண்டது. நாங்களும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும், குழுவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்றது குப்புராஜ்தான். நியாயம்தானே? எங்கள் ஊரில் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ், மஞ்சள்நீராட்டுக்கு ஃபிளெக்ஸ், துபாய்க்குப் போனால் ஃபிளெக்ஸ், திரும்பி வந்தால் அதைவிடப் பெரிய ஃபிளெக்ஸ். ஒரு குழந்தையைக் காப்பாற்றியதற்குக் கிடையாதா? மற்ற பிள்ளைகளுக்கும் தைரியம் வரும், சேவை மேம்படும் என்று தீர்மானம் போட்டோம். ஜாஸ்மின் எழுந்து நின்றுவிட்டது. "படம் போடக் கூடாது, பேர் போடக் கூடாது, சட்டம் இருக்கு மேடம்!"

குப்புராஜுக்கு முகம் சிவந்தது. நான்தான் சமாதானம் செய்தேன். சட்டம் என்றால் சட்டம்தான். மீறுகிறவள் இல்லை நான். முகத்தைத்தானே காட்டக் கூடாது? பின்னாலிருந்து எடுப்போம் என்றேன். பெயருக்குப் பதில் ஒரு கவிதை. எல்லாரும் கைதட்டினார்கள். பரிமளம்கூடத் தட்டினாள்.

ஃபிளெக்ஸ் கடைக்காரரோடு நானே வெள்ளாற்றூர் போனேன். இல்லத்து வார்டன் அம்மாள் முதலில் தயங்கினாள். பேரூராட்சி என்றதும் நாற்காலி போட்டாள். பேச்சுவாக்கில் எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஞாயிறு மாலை ஆற்றோரம் மாரியம்மன் கோவிலுக்கு வரிசையாக நடந்துபோய் வருவார்கள் என்று.

இலக்கியா புதுப் பள்ளிச் சீருடையில் வந்தாள். இரட்டைச் சடை, இடுப்புவரை. நெல்லிமரத்தடியில் நிறுத்தித் திரும்பச் சொன்னோம். தோள் இரண்டும் ஏறியே நின்றன.

"தோளை இறக்கும்மா" என்றேன்.

திரும்பாமலே கேட்டாள்: "எங்க டீச்சர் மாட்டுவீங்க?"

"ஆபீசில், கண்ணு."

"மாமா வண்டி ஆபீஸ் வழியாத்தான் போவும்."

"முகமே தெரியாதே! நீதான் என்று எந்த மாமாவுக்குத் தெரியும்?"

 தோள் இறங்கவே இல்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் சரிசெய்தார்.

வந்ததும் அன்றே கவிதை வந்துவிட்டது. சில சமயம் அப்படித்தான், மழைக்கு முன்னால் ஈசல் மாதிரி.

தாலியைத் தாண்டிய தளிர்க்காலே – எங்கள்
வேலியும் பூத்தது உன்னாலே!

எப்படி? நீங்கள் படித்த பெண் மாதிரி இருக்கிறீர்கள், சொல்லுங்கள். சரி, யோசித்துச் சொல்லுங்கள்.

இனிமேல்தான் பெரிய வேலை. எங்கள் ஊரில் ஃபிளெக்ஸில் படம் மாறலாம், எழுத்துப் பிழை இருக்கலாம், ஒரு பெயர் விட்டுப்போகக் கூடாது. பெரியப்பா பெயர் விட்டுப்போய் நிச்சயதார்த்தமே நின்றிருக்கிறது. உதவியவர்கள் எல்லாரையும் கீழே நன்றி என்று போட்டோம். தலைவர், அவர் வீட்டுக்காரர், உறுப்பினர்கள், பந்தல்காரர். அடைக்கலம் தந்த வெள்ளாற்றூர் தாழம்பூ இல்லம். படிக்க இடம் தந்த பள்ளி. இல்லத்தின் தொலைபேசி எண்ணைக்கூட மறக்காமல் போட்டோம், நன்கொடை தர நினைப்பவர்களுக்கு உதவுமே. உதவியவரை மறப்பது எனக்குப் பிடிக்காத குணம்.

அந்தக் கடைக்காரர் எதையும் இரண்டாகத்தான் அடிப்பார். ஒன்று ஆபீசுக்கு. இன்னொன்று வீணாகலாமா? பேருந்து நிலையத்தில் கட்டினார்கள். காற்றில் அந்தச் சடை இரண்டும் நிஜமாக ஆடுவது போலவே இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று கவிதையைப் படித்தார்கள். நான் எதிரே பூக்கடையில் வேலை இல்லாமலே நின்றிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஜாஸ்மின் அதைப் பார்த்த அன்று தகரப் பெட்டி ஒன்றைப் போட்டு ஏறி, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டது. நடுப்பகலில், அத்தனை சனத்துக்கு நடுவே! குப்புராஜின் ஆட்கள் வந்து இறக்கினார்கள். "அட்ரஸையே எழுதி வெச்சிருக்கீங்களே! அட்ரஸையே எழுதி வெச்சிருக்கீங்களே!" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதது. முகவரி எங்கே எழுதினோம்? நன்றிதானே எழுதினோம்? பேரூராட்சிச் சொத்தில் கைவைத்ததாக மேலிடத்துக்கு எழுதினார்கள். ஜாஸ்மினை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். வேலை தெரிந்த பெண், நிதானம்தான் போதாது.

வளைவு வருகிறது, சுருளை அணைத்துப் பிடியுங்கள். அப்படித்தான்.

ஆவணியில் மாதேஷ் என் வீட்டுக்கு வந்தான். கூடை நிறைய சீதாப்பழம். செருப்பை வாசலில் விட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றான்.

"பாட்டு நீங்க எழுதுனதாமே டீச்சரம்மா" என்றான். பிறகு முழுதும் சொன்னான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. தளிர்க்காலே என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அழுத்திச் சொன்னான். எம்.ஏ. படித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்னிடம் செய்யுளை உடைத்துக் கொன்றிருக்கிறார்கள்!

"யார் என்று உனக்குத் தெரிந்துவிட்டதா?" என்றேன்.

"பின்னாடியிருந்து பாத்தா எங்கக்கா மவள எனக்குத் தெரியாதுங்களா? பொறந்ததுலேருந்து என் முன்னாடிதானே நடக்குது."

கோபமா என்று கேட்டேன். "கோவமெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்தான். தாய்மாமன் சீர் செய்ய வேண்டுமாம், அது மட்டும்தானாம் ஆசை. மடியிலிருந்து எடுத்துக் காட்டினான். வெள்ளிக் கொலுசு. முத்து வைத்தது இல்லை, சற்றுத் தடிமனான, பழைய மோஸ்தர் கொலுசு. பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்: "பிள்ளைங்கள வெளிய கிளிய உடுவாங்களாங்க?"

ஞாயிறு மாலை கோவிலுக்குப் போவார்கள் என்று சொன்னேன். தாய்மாமன் சீர் எவ்வளவு பழைய பண்பாடு! அதை ஒரு சட்டம் தடுக்கலாமா? பொது இடத்தில், அம்மன் சந்நிதியில், கொலுசைக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே. பழம் நன்றாக இருந்தது. கொட்டைதான் அதிகம்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

தூக்கிப்போனான் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவளாகத்தான் ஏறினாளாம். ஆற்றோரம் வண்டி நின்றதாம். முன் சீட்டில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை வரிசையை விட்டு விலகி நடந்துபோய் ஏறிக்கொண்டதாம். வார்டன் அம்மாளே சொன்னாள், சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்று. கட்டாயப்படுத்தினால் ஒரு குழந்தை கத்தாதா? நீங்களே சொல்லுங்கள், கத்தாதா?

போலீஸ் தேடியது. போர்வெல் வண்டி இன்றைக்கு ஆந்திரா, நாளைக்கு எங்கேயோ. மழைக்காலம் வேறு வந்துவிட்டது. ஃபிளெக்ஸை எடுத்துவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. "இப்ப எடுத்தா நாம தப்புப் பண்ணுன மாதிரி ஆயிரும்" என்றார் குப்புராஜ். அதுவும் சரிதான். மழையில் அதுவாக வெளுத்த பிறகு இறக்கினார்கள். யாரோ வந்து கேட்டார்கள், கொடுத்தோம். மாட்டுக்கொட்டகைக்கு, கோழிக்கூண்டுக்கு என்று கேட்பார்கள்தானே? யார் வாங்கிப்போனார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது. பேருந்து பழுதாகி, காட்டோரம் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு வயலில் போர்வெல் வண்டி நின்றது. பூமிக்குள் குழாய் இறங்குகிற சத்தம், பல்லைக் கடிப்பது போல. புகை மாதிரிப் புழுதி. வண்டிக்குப் பின்னால் நாலு கழி நட்டு மறைப்புக் கட்டியிருந்தார்கள். கூரையாக எங்கள் ஃபிளெக்ஸ். வெளுத்திருந்தாலும் என் எழுத்து எனக்குத் தெரியாதா? எழுத்துகள் உள்பக்கமாக, அடியில் உட்கார்ந்தால் படிக்கிற மாதிரிக் கட்டியிருந்தான்.

அதன் அடியில் இலக்கியா சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. தலைக்கு மேலே அதே இரட்டைச் சடை, நெல்லிமரம்.

என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். கொலுசு அந்தக் காலில் இல்லை, மற்றதில் இருந்தது. கேட்டேன், கல் குத்திவிட்டது என்றாள். போர்வெல் போடுகிற இடம், கல்லுக்குப் பஞ்சமா?

"நன்றாக இருக்கிறாயா கண்ணு?"

"இருக்கேன் டீச்சர்."

"படிக்கிறாயா?"

"உங்க பாட்டத்தான் டீச்சர். தினம் சோறு போடறதுக்கு முன்னாடி மாமா சத்தமாப் படிக்கச் சொல்வாரு. ரெண்டு தடவ, மூணு தடவ. அவரு போதும்ங்கற வரைக்கும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது அம்மா. முப்பது வருடம் பாடம் நடத்தினேன், யார் வீட்டில் என் ஒரு வரியைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிறார்கள்? தேவாரம் மாதிரி!

வண்டியின் சத்தம் நின்றது. அவள் உடனே திரும்பிப் பார்த்தாள். தோள் இரண்டும் ஏறின, அந்தப் படத்தில் கம்ப்யூட்டர் தொடுவதற்கு முன்னால் இருந்தது போல. அவசரமாகக் கேட்டாள்: "ஜாஸ்மின் அக்கா எங்க டீச்சர்?"

மாற்றலாகிவிட்டாள் என்றேன்.

"நீங்க இன்னும் எழுதறீங்களா டீச்சர்?"

"நிறுத்தவில்லை கண்ணு, நிறுத்த மாட்டேன்" என்றேன். அவள் தலை குனிந்துகொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள். என் பேருந்தும் கிளம்பிவிட்டது. யாரிடம் சொல்வது? சொல்லி என்ன ஆகும்? குப்புராஜிடம் சொன்னேன். "சந்தோசமா இருக்காங்கள்ல, வுடுங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வயது என்கிறார் டாக்டர். எனக்கென்னவோ அந்த வரிதான் உறுத்துகிறது. தாண்டிய என்பதற்குப் பதில் தாவிய என்று வைத்திருக்கலாமோ? கண்ணை மூடினால் அந்தச் சொல் வந்து நிற்கிறது. தாண்டிய. தாண்டிய. ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு.

அது போகட்டும். எங்கள் முறை பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பிடித்துப்போயிற்று. செம்மண்மேட்டில் இன்றைக்கு விழா. அங்கே ஒரு சின்னப் பெண், பன்னிரண்டோ பதின்மூன்றோ. அம்மா இல்லை. அப்பா குடித்துவிட்டுக் கையில் சூடு போட்டிருக்கிறார். அவளாகப் பள்ளியில் சொல்லி, இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவர் இந்த வாரம்தான் ஜாமீனில் வந்திருக்கிறாராம், ஊரெல்லாம் மகளைத் தேடுகிறாராம். பாசம் விடுமா? கவிதை கேட்டார்கள். இந்த முறை நிதானமாக எழுதினேன்.

நெருப்பை வென்ற மலர்க்கையே – இனி
பொறுப்பாய் எங்கள் நம்பிக்கையே!

முகம் இல்லை, பெயர் இல்லை. கட்டுப் போட்ட கை மட்டும்தான் படம். சட்டப்படி. நீங்கள் பிடித்திருக்கிற முனையில்தான் நன்றி வரிசை இருக்கிறது, கொஞ்சம் பிரிந்திருக்கிறது பாருங்கள். ஆமாம், அந்த எண் இல்லத்து எண்தான். ஏன் அம்மா முகம் இப்படி ஆகிவிட்டது? மலை ஒத்துக்கொள்ளவில்லையா? பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறது, இருங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இது ஆலங்குட்டை இல்லையே, யாருக்கோ நிறுத்துகிறார்கள், இங்கே ஒன்றுமில்லை, வெறும் புளியமரம். பார்த்து, காலை மிதிக்காதீர்கள். அம்மா! சுருள்! சுருளைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்! கண்டக்டர், அந்தப் பெண்ணை நிறுத்துங்கள், விசில் கொடுக்காதீர்கள்!

ஏன் அம்மா ஓடுகிறீர்கள்? நான் என்ன துரத்தியா வரப்போகிறேன்? பார்த்துப் போங்கள், கல் குத்தும்! ஜன்னல் வழியாகச் சொல்கிறேன், கேட்கிறதா? கிழித்தாலும் பரவாயில்லை அம்மா, விழா நிற்காது! அது மேடைக்கு அடித்ததுதான்! இன்னொன்றைக் காலையிலேயே பேருந்து நிலையத்தில் கட்டிவிட்டார்கள்!